இடர்க் காலத்தில் கண்ணுக்கும் செவிக்கும் ஒரு விரதம்



ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நான் பயின்ற காலத்தில், பாடக் குறிப்பு எழுதும்போது முதல் வரியில் 'பாடத்தின் நோக்கம்' எழுதப்பட வேண்டும் என்பது கண்டிப்பான விதி. பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும் அப்பழக்கம் என்னை விடவில்லை. ஆகவே இப்பாடத்தின் நோக்கத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன்.

புயல், வெள்ளம், கொள்ளைநோய், கலவரம் முதலிய இடர்க் காலங்களில் கைப்பேசியின் வழியாகச் செய்திகள் வந்து குவிகின்றன. அவற்றுள் எதனை ஏற்பது, எதனை விலக்குவது, எதனை நம்மோடு நிறுத்திக்கொள்வது என்பதை அளந்தறிய ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோல் இல்லறத்தாருக்கு நம் முன்னோர் வகுத்த ஒழுக்கத்திலேயே இருக்கிறது என்பதை எடுத்துக்காட்டுவதே இப்பாடத்தின் நோக்கம். இறுதியில் வினாக்களும் வீட்டுப் பயிற்சியும் உண்டு.

இதனைக் கற்பிக்க எனக்குத் தனிப்பட்ட தகுதி ஏதுமில்லை. இத்தேர்வில் ஒருமுறை தோற்றவள் என்பதே என் தகுதி. அதனை உரிய இடத்தில் மறைக்காமல் சொல்வேன்.

குளச்சல் கற்பித்த முதற்பாடம்

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த என்னை, ஆசிரியப் பணி குமரி மாவட்டத்துக் குளச்சலுக்கு அழைத்து வந்தது. 1741ஆம் ஆண்டில் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரரை வென்ற ஊர் என்று வரலாற்று வகுப்பில் இவ்வூரைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஓய்வுக்குப் பின்னும் இங்கேயே தங்கிவிட்டேன். நம் சமயத்தார் இங்கு மிகச் சிலரே. மீனவக் குடும்பங்களும் இசுலாமியக் குடும்பங்களும் என் அண்டை அயலார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆழிப்பேரலை வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்கள் பட்ட துயரம் எழுத்தில் அடங்காது. நான் எழுத்தறிவித்த பிள்ளைகளும் அன்று மாண்டவர்களுள் இருந்தனர். நூற்றுக்கணக்கானோரை ஒரே இடத்தில் அடக்கம் செய்த ஊர் இது.

நான்காம் நாள், டிசம்பர் 30 அன்று, மீண்டும் ஓர் அலை வரக்கூடும் என்னும் எச்சரிக்கை தமிழகக் கடற்கரையெங்கும் பரவியது. குளச்சலிலும் மக்கள் ஓடினர். இறந்தவர்களுக்காக அழுதுகொண்டிருந்தவர்கள், அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு, கையில் அகப்பட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பகுதியை நோக்கி ஓடினர். அலை வரவில்லை. அது ஆதாரமற்ற செய்தி என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஆயினும் அதன்பின் பல மாதங்கள், இரவில் யாரேனும் உரத்துக் கூவினாலே எங்கள் தெருவில் கதவுகள் திறந்துகொண்டன.

அக்காலத்தில் வாட்ஸ்அப் இல்லை. வாயே ஊடகமாக இருந்தது. வதந்தி தோன்றுவதற்குக் கருவி எதுவும் தேவையில்லை என்பதை அன்று அறிந்தேன். அச்சமடைந்த மனமே அதற்குப் போதுமானது. பின்னாளில் வந்த கருவி, அந்த வாயை ஆயிரம் மடங்கு ஆக்கியது, அவ்வளவே.

2007ஆம் ஆண்டு ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னறிவிப்பு மையம் நிறுவப்பட்டது. இனி எச்சரிக்கை என்பது அளந்து, சரிபார்த்து, பொறுப்புள்ள ஒருவரின் பெயரில் வரவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. நாடு தனக்கெனச் செய்துகொண்ட அந்த ஏற்பாட்டை நாம் ஒவ்வொருவரும் நம் இல்லத்துக்கென இன்னும் செய்துகொள்ளவில்லை.

ஒக்கி: வேண்டிய ஒரு சொல்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியது. வாழையும் இரப்பரும் தென்னையும் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஒடிந்து விழுந்தன. பல ஊர்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. புயல் பற்றிய எச்சரிக்கை வெளிவந்த வேளையில், ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கச் சென்றிருந்த விசைப்படகுகளோ கரையிலிருந்து வெகு தொலைவில் இருந்தன. கடற்கரைச் சிற்றூர்களில் பெண்கள் கடலைப் பார்த்துக் காத்திருந்தனர்.

எங்கள் தெருவிலும் ஒரு தாய் அவ்வாறு காத்திருந்தார். அவருடைய மகன் கடலுக்குச் சென்று இருபது நாட்கள் ஆகியிருந்தன. தேவாலயத்தில் ஓடிய ஜெனரேட்டரில் கைப்பேசிக்கு மின்னேற்றிக்கொண்டு வருவார். திரை ஒளிர்ந்த உடனே மூழ்கிய படகின் படம், மிதக்கும் உடலின் படம், எங்கோ யாரோ அழும் காணொலி எனப் பல வந்து விழும். அவற்றுள் சில வேறு நாட்டில், வேறு ஆண்டில் எடுக்கப்பட்டவை என்று பின்னர் தெரிந்தது. ஒருநாள் அவர் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "டீச்சர், எம்புள்ள இருக்கானா இல்லியான்னு ஒரு சொல்லு போதும். மத்ததெல்லாம் எனக்கெதுக்கு? நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அந்த ஒரு சொல்லும் அதே கருவி வழியாகவே வரவேண்டியிருந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. டிசம்பர் 2 அன்று, 68 படகுகளில் 952 மீனவர்கள் மகாராட்டிரத்தின் சிந்துதுர்க் கடற்கரையைப் பத்திரமாக அடைந்தனர் என்னும் செய்தியை அம்மாநில முதலமைச்சர் ட்விட்டர் வழியாக வெளியிட்டார். படகுகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை, சேர்ந்த இடம் ஆகிய மூன்றும் அதில் இருந்தன. சொன்னவர் யார் என்பதும் தெரிந்திருந்தது. எத்தனையோ இல்லங்களில் அச்செய்தி உயிர்நீராக இருந்திருக்கும். எங்கள் தெருத் தாயின் மகனும் பின்னர் இலட்சத்தீவிலிருந்து வீடு வந்து சேர்ந்தான். வராதவர்கள் பலர்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். மின்சாரமின்றிக் கைப்பேசி அணைந்து கிடந்த நாட்களில் எனக்கு அச்சம் இருந்தது. ஆயினும் மனம் ஒரு நிலையில் நின்றது. விழுந்த முருங்கையை வெட்டி ஒதுக்கினேன்; கிணற்று நீரை அயலாருக்கு இறைத்துக் கொடுத்தேன்; இருட்டியதும் உறங்கினேன். மின்சாரம் வந்தபின், இரண்டு இரவுகள் விழித்திருந்து மற்றவர் துயரங்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். புயல் என் முற்றத்தில் வீசியபோது நடுங்காத கை, புயல் போனபின் நடுங்கியது. அதன் காரணத்தை அப்போது அறியேன்.

உள்ளத்தில் நிகழ்வது யாது?

காரணத்தைப் பின்னர் ஓர் ஆய்வின் வழியாக அறிந்தேன். 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மராத்தான் ஓட்டப் போட்டியின்போது குண்டுகள் வெடித்தன. அதன்பின் 4,675 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வில், நிகழ்ச்சி நடந்த இடத்திலோ அருகிலோ இருந்தவர்களைவிட, அடுத்த வாரத்தில் நாள்தோறும் ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அச்செய்திகளைப் பார்த்தும் கேட்டும் படித்தும் வந்தவர்களே மிகுந்த மன அழுத்தத்தைத் தெரிவித்தனர் என்பது வெளிப்பட்டது.

இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் எண்ணிப் பார்த்தால் புரியும். நேரில் நிகழும் ஆபத்துக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. ஓடுவது, ஒளிவது, பிறரைக் காப்பது எனச் செய்வதற்கு ஏதேனும் ஒரு செயலும் உண்டு. திரையில் காணும் ஆபத்துக்கு முடிவில்லை. செய்யத்தக்க செயலும் பெரும்பாலும் இல்லை. உடலோ இரண்டையும் முற்றாக வேறுபடுத்தி அறிவதில்லை. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, உறக்கம் விலகுகிறது. ஓடுவதற்கென உடல் திரட்டிய ஆற்றல், நாற்காலியில் அமர்ந்த நிலையிலேயே நஞ்சாகத் தேங்குகிறது.

இத்துடன் கருவியின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. வானொலிச் செய்திக்கு, 'செய்திகள் முடிவுற்றன' என்னும் சொல் உண்டு. சமூக ஊடகங்களில் விரலால் தள்ளத் தள்ளப் பக்கம் நீண்டுகொண்டே செல்லும். முடிவில்லாத அவ்வமைப்பை 2006ஆம் ஆண்டில் உருவாக்கிய ஆசா ராஸ்கின் என்பவரே, பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். மேலும், எதனைப் பார்த்து மக்கள் நின்று நோக்குகிறார்களோ, எதற்கு அதிகமாக மறுமொழி எழுதுகிறார்களோ, அதனையே இவ்வூடகங்கள் முன்னே கொண்டுவந்து நிறுத்துகின்றன. அச்சமும் சினமும் மனிதனை நிறுத்தும் வல்லமை உடையவை. ஆகவே இடர்க் காலத்தில் அவையே நம் திரையின் மேலே மிதக்கின்றன.

நம் நூல்கள் இம்மனநிலையை நன்கு அறிந்திருந்தன. விரும்பாதது வந்து சேர்ந்ததை எண்ணி வருந்துதல், விரும்பியது பிரிந்ததை எண்ணி வருந்துதல், வேதனையையே நினைத்திருத்தல், இனி வேண்டும் இன்பத்துக்கு ஏங்குதல் ஆகிய நான்கையும் ஆர்த்த தியானம் என்று தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது. இதனையும் 'தியானம்' என்னும் சொல்லாலேயே குறித்தமை கவனிக்கத்தக்கது. மனம் ஒன்றையே பற்றி நின்றால் அது தியானமே. பற்றிய பொருள் தீயதாயின், விளைவும் தீயதாகும். நள்ளிரவில் குனிந்த தலையுடன், அசையாமல், துயரச் செய்திகளைப் பார்த்திருக்கும் ஒருவரின் தோற்றத்தை எண்ணிப் பாருங்கள். அதுவும் ஒரு தியானமே அன்றோ!

நான் தோற்ற இடம்

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொரோனா நோய் பரவியபோது, நோயுடன் தகவல்களின் பெருந்தொற்றும் பரவுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரி மாதத்திலேயே எச்சரித்தது. மார்ச் மாதத்தில், கவலை தரும் செய்திகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், நம்பத்தக்க இடங்களிலிருந்து நாளுக்கு ஓரிரு முறை மட்டும் குறித்த நேரத்தில் அறிந்துகொள்ளுங்கள் என்று அறிவுரையும் கூறியது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. நான் இவ்வூரில் தனியே இருந்தேன். வடக்கே உள்ள உறவினரோடு என்னை இணைத்த பாலம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு ஒன்றுதான். அது இல்லாமல் அந்நாட்களைக் கடந்திருக்க முடியாது என்பதை நன்றியோடு சொல்கிறேன்.

2021 மே மாதம், இரண்டாம் அலையின்போது, ஒரு குரல்பதிவு எனக்கு வந்தது. மருத்துவமனைக்குச் செல்பவர்கள் உயிருடன் திரும்புவதில்லை, காய்ச்சல் கண்டால் வீட்டிலேயே கஷாயம் குடித்து மறைந்திருங்கள் என்று யாரோ ஒருவர் தழுதழுத்த குரலில் பேசியிருந்தார். யார் என்று தெரியாது. எந்த ஊர் என்று தெரியாது. அதைக் கேட்டதும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அச்சத்தைத் தனியே சுமக்க இயலாமல், 'எல்லோரும் கவனமாக இருங்கள்' என்று ஒரு வரி சேர்த்துக் குடும்பக் குழுவில் அனுப்பினேன். அனுப்பியதும் மனம் சற்று இலேசானது. அந்த இலேசான உணர்வுக்காகவே அனுப்பினேன் என்பதைப் பின்னர் உணர்ந்தேன்.

ஊரில் இருந்த என் பெரியப்பா மகனுக்கு, என்னைவிட நான்கு வயது மூத்த அண்ணனுக்கு, அந்த வாரம் காய்ச்சல் கண்டது. ஐந்து நாட்கள் யாரிடமும் சொல்லாமல் கஷாயம் குடித்துப் படுத்திருந்தார். ஆறாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியபின், பிள்ளைகள் வலிந்து தூக்கிச் சென்று மருத்துவமனையில் சேர்த்தனர். பதினொரு நாட்கள் பிராணவாயு கொடுத்துப் பிழைக்க வைத்தனர். முன்னரே வந்திருந்தால் இத்தனை துன்பம் இராது என்று மருத்துவர் சொன்னாராம்.

வீடு திரும்பியபின் அண்ணன் தொலைபேசியில் பேசினார். நான் அழுதேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நீ அனுப்பினதாச்சே தங்கச்சி, சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன்" என்று மட்டும் சொன்னார். முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய ஒரு கைக்கு இருந்த நம்பிக்கையை, முகம் தெரியாத ஒரு பொய்க்கு நான் இரவல் கொடுத்திருந்தேன். இன்றும் அச்சொல் நினைவுக்கு வராத நாள் குறைவு.

அனர்த்த தண்ட விரதம்

இனிப் பாடத்தின் மையத்துக்கு வருவோம். சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன்வழி வந்த தமிழ் நூலான அருங்கலச்செப்பும் நம் இல்லங்களில் அறியப்பட்டவை. இல்லறத்தாருக்குரிய குணவிரதங்கள் மூன்றனுள் ஒன்று அனர்த்த தண்ட விரதம். அர்த்தம் என்பது பயன். தண்டம் என்பது பிற உயிர்க்கும் தன் உயிர்க்கும் செய்யும் துன்பம். பயன் ஏதுமின்றி விளைவிக்கும் துன்பத்தை விலக்குவதே இவ்விரதம். வாழ்க்கையில் சில துன்பங்கள் தவிர்க்க இயலாதவை. உழுதால் மண்ணுயிர் நோகும், அடுப்பு மூட்டினால் நுண்ணுயிர் மடியும். ஆனால் எப்பயனும் கருதாமல் விளைவிக்கும் தீங்கை இல்லறத்தானும் முற்றாக விலக்க இயலும், விலக்க வேண்டும் என்பது இதன் உட்பொருள்.

இவ்விரதம் விலக்கச் சொல்வன ஐந்து.

முதலாவது பாபோபதேசம், தீங்கு விளையும் அறிவுரையைப் பிறர்க்குக் கூறுதல். சரிபாராத மருத்துவக் குறிப்பை அனுப்புவது இதில் அடங்கும். என் குற்றமும் இதுவே.

இரண்டாவது இம்சாதானம், கொலைக் கருவிகளைப் பிறர் கையில் கொடுத்தல். ஒரு சாதியார் மீதோ மதத்தார் மீதோ ஊரார் மீதோ சினமூட்டும் காணொலி, வாளினும் கொடிய கருவியாகும்.

மூன்றாவது அபத்தியானம்; பிறர்க்குக் கேடு வரவேண்டும் எனத் தீய எண்ணத்தில் மூழ்குதல்.

நான்காவது துச்சுருதி, மனத்தைக் கலக்கும் தீயவற்றைக் கேட்டல். கேட்பதையும் ஒரு செயலாக எண்ணி விரதத்தில் அடக்கிய நுண்மையை நாம் போற்ற வேண்டும்.

ஐந்தாவது பிரமாதசரியை, நோக்கமின்றி, கவனமின்றிச் செயல்படுதல். வீணே நிலத்தைத் தோண்டுதல், வீணே நீரை இறைத்தல், வீணே இலையைக் கிள்ளுதல் போன்றவற்றை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வர். வேலை ஏதுமின்றித் திரையை விரலால் தள்ளிக்கொண்டிருப்பதை இதனோடு சேர்ப்பதில் பிழையில்லை எனக் கருதுகிறேன்.

ஆகவே அளவுகோல் இதுதான்: ஒரு செய்தியை அறிவதால் நானோ, நான் அனுப்புகின்றவரோ செய்யத்தக்க செயல் ஒன்று உண்டா? உண்டு என்றால் அது பயனுடையது, அறிந்துகொள்ளலாம், அனுப்பலாம். இல்லை என்றால், அது எவ்வளவு உண்மையாக இருப்பினும், இடர்க் காலத்தில் மீண்டும் மீண்டும் நுகரத்தக்கதன்று.

இவ்வளவுகோலை வைத்து ஒக்கியின் செய்திகளை அளந்து பாருங்கள். 952 மீனவர் கரை சேர்ந்தனர் என்பது பயனுடையது. எங்கோ மிதந்த உடலின் படம் அத்தாய்க்கு எப்பயனும் தாராதது. கருவி ஒன்றே, அதில் வந்த இரண்டும் ஒன்றல்ல.

செய்தியை முற்றிலும் துறப்பதும் தீர்வாகாது. எங்கள் கடற்கரையில், காற்றோ மழையோ இல்லாத நாளிலும் திடீரெனக் கடல் பொங்குவதைக் கள்ளக்கடல் என்பர். 2024 மே மாதத்தில் அதற்கான எச்சரிக்கை முறையாக விடுக்கப்பட்டிருந்தது. மே 6 அன்று குளச்சலுக்குக் கிழக்கே கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் உயிரிழந்தனர். ஒரு நாளில் நம் கைப்பேசிக்கு வரும் நூற்றுக்கணக்கான செய்திகளில், உயிர் காக்கும் செய்தி இத்தகைய ஒரே ஒரு வரியாக இருக்கக்கூடும். குப்பையைக் குறைத்தால்தான் அந்த ஒரு வரி கண்ணில் படும்.

அனுப்புவதும் ஒரு செயலே

'நான் எழுதவில்லையே, வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதானே' என்று சொல்வோர் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். நம் வினைக் கோட்பாடு இச்சமாதானத்தை ஏற்பதில்லை. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும், மனம், மொழி, மெய் ஆகிய மூன்றாலும் வினையை ஈட்டுவன. அனுப்புவது செய்வித்தல் ஆகக்கூடும். விருப்பக் குறி இடுவது உடன்பாடு ஆகக்கூடும்.

2018 மே 9 அன்று, நம்மவர் பலர் வாழும் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூரை அடுத்த அத்திமூர் அருகே நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்துவிட்டனர் என்னும் வதந்தி பல நாட்களாக வாட்ஸ்அப்பில் உலவி வந்தது. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு உறவினரோடு வந்த 65 வயதுப் பெண்மணி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று எண்ணிய கூட்டம் தாக்கியதில் அவர் உயிரிழந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தனர். அடித்தவர்களைச் சட்டம் தேடிப் பிடித்தது. அந்த வதந்தியைக் குடும்ப நலம் கருதி அனுப்பிவைத்த நல்லவர்கள் எல்லோரையும் சட்டம் தேடிச் செல்லவில்லை. அவர்கள் தாமே தம்மை விசாரித்துக்கொள்ள வேண்டியவர்கள்.

அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பிட்டது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என மேலும் சுருக்கியது. அதன்பின் அத்தகைய செய்திகளின் பரவல் எழுபது விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. சிறியதொரு தடை, அனுப்பும் கையை ஒரு கணம் நிறுத்தி வைக்கும் தடை, இவ்வளவு பயன் தந்தது என்றால், விரதம் என்னும் தடையை நாமே மேற்கொண்டால் எவ்வளவு பயன் விளையும்!

இல்லத்தில் செய்யத்தக்கவை

1. வடிகட்டுதல். நீரைத் துணியால் வடிகட்டாமல் பருகலாகாது என்பது நம் பாட்டிமார் கற்பித்த முதல் ஒழுக்கம். செய்தியையும் அவ்வாறே வடிகட்டுவோம். சொன்னவர் யார்? எந்த நாள், எந்த ஊர்? இதனால் பெறுபவர் செய்யத்தக்கது என்ன? இம்மூன்றுக்கும் விடை இல்லையேல் அது நம்மோடு நிற்கட்டும். இரட்டை அம்புக்குறியோடு வருவது பலமுறை கைமாறி வந்த செய்தி. அதனை இருமுறை வடிகட்டுக.

2. இரவில் நுகராமை. பொழுது சாய்ந்தபின் உண்ணாத வழக்கம் உடையவர்கள் நாம். அவ்வழக்கத்தோடு செய்தி நுகர்வையும் சேர்த்துக்கொள்வோம். காலையில் ஒருமுறை, மாலையில் விளக்கேற்றும் முன் ஒருமுறை, நம்பத்தக்க ஓரிடத்தில் செய்தி அறிந்தால் போதும். புயல், வெள்ளக் காலத்தில் வானிலை மையம், மாவட்ட நிர்வாகம் ஆகியவற்றின் எச்சரிக்கைக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம்.

3. எல்லை வகுத்தல். குறித்த காலத்துக்கு, குறித்த இடத்துக்குள் இயக்கத்தைச் சுருக்கிக்கொள்ளும் தேசாவகாசிக விரதத்தை நினைவு கூர்க. உணவு உண்ணும் இடமும், படுக்கும் அறையும் கைப்பேசி புகாத எல்லைகளாக இருக்கட்டும். எழுப்புவதற்கு ஒரு சாதாரண மணிக்கடிகாரம் போதும்.

4. சாமாயிகம். இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், சமநிலையில் அமர்தல் நம் மரபு. தொடக்கத்தில் பத்து நிமிடமாயினும் அமர்க. மனம் திரையை நோக்கி ஓடும். ஓடட்டும், மீண்டும் அழைத்து வருக. ஜினர் திருமேனியின் கண்களை உற்று நோக்கியிருப்பீர்கள். அவை முற்றிலும் மூடியவையுமல்ல. அகலத் திறந்து உலகை வெறித்துப் பார்ப்பவையுமல்ல. நாம் பழக வேண்டிய பார்வை அதுவே.

5. துயரை உதவியாக மாற்றுதல். ஒரு துயரச் செய்தி உள்ளத்தைத் தாக்கினால், அதனை அனுப்புவதற்கு மாறாக, அருகிலுள்ள ஒருவருக்கு ஓர் உதவி செய்க. தனித்திருக்கும் முதியவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவதும் உதவியே. வையாவிருத்தியம் எனப்படும் பணிவிடை, பிறருக்கு மட்டுமன்றிச் செய்பவரின் மனத்துக்கும் மருந்தாகும்.

6. கடிந்து கூறாமை. பிள்ளைகளின் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கிவிட்டு நாம் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்கள் நம்மிடமிருந்து கற்பது வேறொன்றாக இருக்கும். நான் கண்ட அளவில், இடர்க் காலத்தில் வதந்தியை அதிகம் அனுப்புகிறவர்கள் தாத்தா பாட்டியராகிய நாமே. விரதத்தை மூத்தவர்கள் முதலில் ஏற்போம்.

இவற்றோடு ஒன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். விரதம் மருத்துவத்துக்கு மாற்றாகாது. இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமின்மை, பசியின்மை, காரணமற்ற அழுகை, எதிலும் ஈடுபாடின்மை, வாழ்க்கையே வேண்டாம் என்னும் எண்ணம் ஆகியவை தோன்றினால், காலந்தாழ்த்தாமல் மருத்துவரை நாடுக. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' மனநலச் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். காய்ச்சலை மறைத்து வைத்து என் அண்ணன் பட்ட பாட்டை, மனத்துயரை மறைத்து வைத்து யாரும் படவேண்டாம்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. ஒக்கியின்போது வந்த செய்திகளுள் பயனுடையது எது, பயனற்றது எது? வேறுபாட்டை விளக்குக.

2. ஆபத்தை நேரில் கண்டவரைவிடத் திரையில் தொடர்ந்து கண்டவர் மிகுதியாகத் துன்புறக் காரணம் யாது?

3. அனர்த்த தண்டத்தின் ஐந்து பிரிவுகளுக்கும் உங்கள் கைப்பேசியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருக.

4. 'நான் எழுதவில்லை, அனுப்பினேன்' என்னும் சமாதானம் ஏன் பொருந்தாது?

வீட்டுப் பயிற்சி

வரும் ஏழு நாட்களுக்கு ஒரு தாளில் இரண்டு கட்டங்கள் வரைக. நீங்கள் பார்த்த செய்திகளுள் ஒரு செயலில் முடிந்தவற்றை முதற்கட்டத்திலும், கவலையில் முடிந்தவற்றை இரண்டாம் கட்டத்திலும் கோடிட்டுக் குறித்து வருக. ஏழாம் நாள் குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து தாள்களை ஒப்பிட்டுப் பார்க்க. யாரையும் யாரும் குறை கூற வேண்டாம்; எண்ணிக்கையே பேசும்.

நானும் இப்பயிற்சியைச் செய்தேன். முதல் வாரம் முதற்கட்டத்தில் நான்கு கோடுகள். இரண்டாம் கட்டத்தில் எண்ணி முடியாத கோடுகள். இப்போது என் கைப்பேசி இரவில் சமையலறை அலமாரியில் உறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் தவறாமல் ஓர் அழைப்பு விடுக்கிறேன். அண்ணன் எடுத்து, "நல்லா இருக்கேன், தங்கச்சி" என்பார்.

அந்த ஒரு சொல் போதும்.